சூடானால் பிடித்துக்கொண்டு, ஆறினால் விட்டுவிடும் பின் பிரேக்: காலிப்பரை மாற்றினால் தீருமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒருவர் என்று சுமை ஏறிய டூரிங் பைக். கிளம்பும்போது எந்தக் குறையும் இல்லை. முக்கால் மணி நேரம் ஓடியதும் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் வண்டி கனக்கிறது. நிறுத்திப் பார்த்தால் பின் டிஸ்க் கொதிக்கிறது, சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் தானாக விட்டுவிடுகிறது. டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடு இரண்டு முறை மாற்றியும் அதே கதை. பேடுகளைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரையே புதிதாக வாங்கிவிடலாமா என்பது கேள்வி. காலிப்பர் விலையுள்ள பொருள் என்பதால், குறை அங்கேதான் இருக்கிறதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். "ஆறினால் விட்டுவிடுகிறது" என்று நீங்கள் எழுதிய ஒரு வரி காலிப்பரை விட, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம்தான் அதிகம் கை காட்டுகிறது. ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. வண்டி பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, அது விடை சொல்லிவிடும்.

முதலில் டிஸ்க் பிரேக் எப்படி விடுகிறது என்பதைப் பார்க்கலாம். காலிப்பருக்குள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் நகர, அதைப் பிடித்திருக்கும் சீல் லேசாக முறுகுகிறது. அழுத்தம் போனதும் சீல் தன் பழைய உருவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். அப்படிக் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் பேடு டிஸ்க்கை லேசாக உரசி "ஸ்ஸ்" என்று சத்தம் வருவது குறையே அல்ல. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் ஒரு வீசு வீசினால் ஒரு சுற்றாவது தானாக ஓட வேண்டும். செயினோ ஷாஃப்ட்டோ கொடுக்கும் இழுவையும் இதில் சேர்ந்திருக்கும் என்பதால், உரசல் சத்தத்தைக் கேட்டே பிரேக் மேல் பழி போடாதீர்கள்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். பெடல் முழுவதுமாக மேலே வந்து நிற்கும்போது, ஆயில் டப்பாவுக்கும் சிலிண்டரின் அழுத்த அறைக்கும் நடுவே ஊசி முனை அளவு ஒரு துளை திறந்திருக்கும். பிரேக் ஆயில் சூட்டில் விரிவடைந்தால், கூடுதல் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். துளை அடைத்துவிட்டாலோ, சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் கடைசி மில்லிமீட்டர் பின்னே வராமல் அதன் ரப்பர் கப் துளையை மூடிக்கொண்டு நின்றாலோ, காலிப்பரில் இருக்கும் ஆயிலுக்குத் திரும்பிப் போக வழியில்லை. சூடாகும்போது விரிகிறது, விரிந்த ஆயில் பேடைத் தள்ளுகிறது, பேடு உரசி இன்னும் சூடாக்குகிறது. நீங்கள் பெடலைத் தொடாமலே பிரேக் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு போகும். ஆறியதும் ஆயில் சுருங்கி, சக்கரம் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றும். உங்கள் வண்டியின் நடத்தை இதற்கு அப்படியே பொருந்துகிறது.

காலிப்பர் பக்கக் குறையின் நடத்தை வேறு. பிஸ்டன் துருப்பிடித்தோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் காய்ந்தோ, பேடு தன் இருக்கையில் இறுகியோ இருந்தால், வண்டி குளிர்ந்திருக்கும்போதே சக்கரம் கனமாகச் சுற்றும். பிரேக்கை ஒரு முறை நன்றாக மிதித்துவிட்டு உடனே சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் இரண்டும் கலந்தும் வரும். லேசாக இறுகிய காலிப்பர் சூட்டைக் கிளப்பிவிட, பாதி அடைத்த துளை மீதியைச் செய்யும். அதனால்தான் நடத்தையை வைத்து ஊகிப்பதோடு நிற்காமல் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சோதனைக்கு முன், பிரேக்தான் சூடாகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போக்குவரத்து இல்லாத ஒரு சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் பின் பிரேக்கைத் தொடாமல், முன் பிரேக்கால் மட்டும் மெதுவாக நிறுத்தி ஓட்டுங்கள். காலைப் பெடலிலிருந்து முழுவதுமாக விலக்கி வைத்திருக்க வேண்டும். நின்றதும் அகச்சிவப்பு வெப்பமானியால் பின் டிஸ்க்கை அளந்து பாருங்கள். பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி குறைவாகக் காட்டும். பேடின் ஓரத்தையும் காலிப்பரின் உடலையும் சேர்த்து அளப்பது நல்லது. தொடாத பிரேக் சற்று வெதுவெதுப்பாக மட்டும் இருக்க வேண்டும். கருவி இல்லையென்றால் டிஸ்க்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று கொதித்துப் போனால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. விரலால் மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டாம். டூரிங் ஓட்டுநர்களில் சிலருக்குக் கால் தானாகப் பெடலின் மேல் உட்காரும் பழக்கம் இருக்கிறது. தடிமனான பூட்ஸ் போட்டால் அது தெரியவே தெரியாது. ஓடும்போது பின் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்னால் வருபவரைப் பார்க்கச் சொன்னால் இதற்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

இப்போது அந்தச் சோதனை. வண்டி பிடித்துக்கொண்ட நிலையில் மட்டுமே இது பலிக்கும். ஆறி விட்டபின் செய்தால் எதுவும் தெரியாது. பெடல் பக்கமிருந்து தொடங்கி காலிப்பரை நோக்கி வர வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது. காரணம், ஒரு இடத்தில் அழுத்தத்தைத் திறந்துவிட்டால் அதற்கு மேலே இருக்கும் தடயம் எல்லாம் அழிந்துவிடும். முதலில் மாஸ்டர் சிலிண்டரைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் சில சுற்று தளர்த்தி, சிலிண்டரை, பெடலிலிருந்து அதைத் தள்ளும் கம்பியான புஷ் ராடிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலக்குங்கள். சக்கரம் விட்டுவிட்டால் சிலிண்டரில் குறை இல்லை. பெடலோ புஷ் ராடோ அதை முழுவதுமாகத் திரும்ப விடவில்லை என்று பொருள். விடவில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் (ஆயில் போகும் குழாய்) சேரும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டைச் சுற்றித் துணியை வைத்துக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி சக்கரம் விட்டால் குறை மாஸ்டர் சிலிண்டருக்குள். அதற்கும் அசையவில்லையென்றால் காற்றையும் ஆயிலையும் வெளியே விடக் காலிப்பரில் இருக்கும் பிளீட் நிப்பிளைத் திறங்கள். இங்கே விட்டால் அழுத்தம் நடுவில் எங்கோ, அதாவது ஹோஸிலோ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டிலோ, சிக்கியிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அப்படியே நின்றால் ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, காலிப்பரும் பேடும்தான் இறுகியிருக்கின்றன.

கொதிக்கும் பிரேக்கில் செய்யும் வேலை என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி அதன் மறுமுனையைப் பாட்டிலில் விட்டபின்தான் திறக்க வேண்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். ஆயில் சிந்திய இடத்தை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் மட்டும் அந்தத் தண்ணீர் படக் கூடாது. பான்ஜோ போல்ட்டைத் தளர்த்தியபின் பழைய வாஷரோடு அப்படியே இறுக்கி ஓட்டாதீர்கள். ஹோஸ் முனைக்கு இரண்டு பக்கமும் புதிய வாஷர் போட்டு, காற்றை எடுத்துவிட்டுத்தான் வண்டி சாலைக்குப் போக வேண்டும். இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக நிப்பிளுக்கு 5 முதல் 8 நியூட்டன் மீட்டரும், பான்ஜோ போல்ட்டுக்கு 23 முதல் 35 நியூட்டன் மீட்டரும் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. நிப்பிள் மெல்லியது, கை பலத்தைக் காட்டினால் காலிப்பருக்குள்ளேயே முறிந்துவிடும்.

முதல் படியிலேயே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல செய்தி, செலவு குறைவு. பெடலின் உயரத்தைத் தன் காலுக்கு ஏற்ப மாற்றும்போது புஷ் ராடை நீட்டிவிட்டு, அதற்கான இடைவெளியை விடாமல் லாக் நட்டை இறுக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பெடலைக் கையால் அசைத்தால், சிலிண்டரின் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் புஷ் ராடில் கொஞ்சமாவது வெற்று ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் அந்த ஊசித் துளை பாதி மூடியே இருக்கிறது. ராடு சரியாக இருந்தால் பெடல் சுழலும் அச்சைப் பாருங்கள். சாலைச் சேறு முழுவதும் அங்கேதான் அடிக்கும், யாரும் அதற்குக் கிரீஸ் வைப்பதில்லை. பெடலைக் கழற்றி, அச்சையும் உள் துளையையும் துருப்போகத் தேய்த்து, தண்ணீர் தாங்கும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பெடலை மிதித்து விட்டால் அது டக்கென்று மேலே வந்து தடுப்பில் மோத வேண்டும், சோம்பலாக ஏறி வரக் கூடாது. பிரேக் விளக்கு சில நேரம் தானாக எரிந்துகொண்டே இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், சந்தேகம் இங்கே வலுக்கிறது.

இரண்டாவது படியில் விட்டால் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். உங்கள் விவரிப்புக்கு நான் பந்தயம் கட்ட வேண்டுமென்றால் இதன் மேல்தான் கட்டுவேன். மாற்றாமல் பல வருடம் கிடந்த ஆயில் அடியில் பசைபோல் படியும். அலுமினியத்தின் வெள்ளைத் துகளும் சேர்ந்து அந்தச் சின்னத் துளையை அடைக்கும். டப்பாவிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, அது சேரும் இடத்துக்குள் விளக்கடித்துப் பார்த்தால் இரண்டு துளை தெரியும், பெரியது ஒன்று, மிகச் சிறியது ஒன்று. பெரியதைப் பார்த்துவிட்டு "அடைப்பு இல்லை" என்று மூடிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. சிறியதை மெல்லிய ஒற்றைக் கம்பி இழையால், கிட்டாரின் மிக மெல்லிய தந்தி போன்றதால், சுற்றாமல் திருகாமல் நேராக விட்டு எடுங்கள். அதைவிட நல்ல வழி, பிஸ்டனை உள்ளே பிடித்திருக்கும் வளையமான சர்க்கிளிப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் பிஸ்டன், கப், ஸ்பிரிங் மூன்றையும் வெளியே எடுத்துவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் துளையைச் சுத்தம் செய்து, புதிய ரிப்பேர் கிட் போடுவது. கப் ஊதிப் பருத்திருந்தால், அது முழுவதும் பின்னே வந்தாலும் துளையை மூடிக்கொண்டே நிற்கும். அப்படியென்றால் துளையைக் குத்துவதால் பயனில்லை. சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் கிட் போட்டும் நிலைக்காது, முழு சிலிண்டரை மாற்றுவதே நல்லது.

கப் ஏன் ஊதியது என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. பிரேக்கின் ரப்பர்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை. பெட்ரோலியத்திலிருந்து வந்த எதுவும், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், டீசல், துருப்போக்கும் ஸ்பிரே, இதன் மேல் பட்டால் ரப்பர் ஊதி மெத்தென்று ஆகிவிடும். யாராவது டப்பாவில் தவறான ஆயிலை ஊற்றியிருந்தால் ஒரு கப்பை மாற்றித் தப்ப முடியாது. மாஸ்டர் சிலிண்டர் கப், காலிப்பர் சீல், ஹோஸ், டப்பாவின் டயாஃப்ரம் எல்லாமே போக வேண்டும். ஏபிஎஸ் வண்டியென்றால் அந்த யூனிட்டும் சேர்ந்து கெட்டிருக்கும்.

பேடு மாற்றியபின் தொந்தரவு கூடியதா, குறைந்ததா? இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் நினைத்துப் பாருங்கள். பேடு தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. அதைக் குறை என்று எண்ணி மேல் கோடு வரை நிரப்பிவிட்டு, பிறகு தடிமனான புதிய பேடு போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளினால், அத்தனை ஆயிலும் டப்பாவுக்குத் திரும்பி விளிம்பு வரை நிறைந்துவிடும். விரியும் ஆயிலுக்கு இடமில்லாமல் போனால், துளை திறந்திருந்தும் பிரேக் இறுகும். மூடியில் காற்றுப் போக இருக்கும் சின்ன வழியில் தூசி அடைத்திருந்தாலும் இதே விளைவுதான். டப்பாவைத் திறந்து மட்டத்தைப் பார்த்து, மேல் கோட்டுக்கு மேலே இருப்பதை ஒரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது ஐந்து நிமிட வேலை. எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தால் முழுவதையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டாட் 4 தரப் பிரேக் ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய நிலையில் 155 டிகிரி. பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக் இந்த இரண்டாவது எண்ணைச் சுலபமாகத் தொடும். ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும், நிற்க வேண்டிய நேரத்தில் பின் பிரேக் இருக்காது.

ஹோஸ் பற்றி ஒரு வார்த்தை. பழைய ரப்பர் ஹோஸின் உட்பக்கம் ஊதியோ பிய்ந்தோ, மிதிக்கும்போது ஆயிலைப் போகவிட்டுத் திரும்பும்போது தடுத்து ஒருவழிக் கதவாக வேலை செய்யும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையாக நடப்பதுதான், ஆனால் சொல்லப்படும் அளவுக்கு அடிக்கடி நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டு ஹோஸின் மேல் பழி போடப்படும் நேரமே அதிகம். மூன்றாம் படியில் நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதை மாற்றுங்கள். ஹோஸுக்கு வயது ஆகியிருந்தால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அது வேறு விஷயம். ஏபிஎஸ் யூனிட் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதைவிட அரிது. அதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்.

நிப்பிளைத் திறந்தும் விடவில்லையென்றால் காலிப்பர்தான். அப்போதும் உடனே புதியது வாங்க வேண்டியதில்லை. டூரிங் வண்டிகளின் பின் காலிப்பர் பெரும்பாலும் பின்களின் மேல் நகரும் வகை. பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் தள்ள, காலிப்பரின் உடல் நகர்ந்து மறுபக்கப் பேடை இழுக்கும். கழற்றியதும் பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கப் பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் நகரவில்லை. ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் காலிப்பர் சாய்ந்து நின்றிருக்கிறது. இரண்டும் சமமாகத் தேய்ந்து சூட்டில் மினுமினுப்பாகியிருந்தால் சந்தேகத்தை மறுபடி பிஸ்டன் மேலும் மாஸ்டர் சிலிண்டர் மேலும் திருப்புங்கள். ஸ்லைடு பின்னைத் துடைத்துத் துரு நீக்கி, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். குவியலாக வைத்தால் உள்ளே காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழையில் பழைய நிலைதான். பேடு உட்காரும் இடத்தில் இருக்கும் ஸ்டீல் தகட்டின் அடியில் துரு பொங்கி, தகட்டைத் தூக்கிப் பேடை இறுக்குவதும் உண்டு. தகட்டைக் கழற்றாமல் மேலே மட்டும் பிரஷ் போட்டால் இது கண்ணில் படவே படாது.

பிஸ்டனுக்கு வருவோம். பேடு தேயும்போது பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். வெளியே நிற்கும் பகுதியில் சேறும் பேடுத் தூளும் ஒட்டிக் காயும். புதிய பேடுக்கு இடம் செய்ய அதைத் துடைக்காமல் உள்ளே அழுத்தினால் அந்த அழுக்கு சீலின் அடியில் போய்ச் சேரும். பேடு மாற்றி மாற்றித் தொல்லை வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். சரியான முறை இது: காலிப்பரை டிஸ்க்கிலிருந்து எடுத்து, பேடைக் கழற்றி, பெடலை மெதுவாக மிதித்துப் பிஸ்டனைச் சில மில்லிமீட்டர் வெளியே கொண்டுவந்து, வெந்நீரும் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துச் சுற்றிலும் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்து, பிறகு உள்ளே தள்ளுவது. கட்டைவிரல் இரண்டால் தள்ளினால் போக வேண்டும். சி கிளாம்ப் இல்லாமல் நகரவில்லையென்றால் சுத்தம் போதாது, சீல் மாற்ற வேண்டும்.

சீல் மாற்றும்போது புதிய சீலை விட முக்கியமானது பழைய சீல் இருந்த பள்ளம். அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, சீலைப் பின்னாலிருந்து தள்ளி, பிஸ்டனை நெரிக்கும். அந்தப் பொருக்கைப் பித்தளை அல்லது கெட்டியான பிளாஸ்டிக் கொக்கியால் சுரண்டி எடுக்காமல் புதிய சீல் போட்டால் சில மாதத்தில் அதே இறுக்கம் திரும்பி வரும். ஒரு பிஸ்டனுக்கு இரண்டு சீல் இருக்கும், உள்ளே தடிமனானது அழுத்தத்துக்கு, வெளியே மெல்லியது தூசிக்கு; இடம் மாற்றிப் போடாதீர்கள். புதிய சீலைப் பிரேக் ஆயிலிலோ, ரப்பருக்கான சிவப்புக் கிரீஸிலோ தோய்த்து உட்கார வையுங்கள். இறுகிப்போன பிஸ்டனை வெளியே எடுக்கப் பிரேக்கின் சொந்த அழுத்தமே பாதுகாப்பானது. காற்று அடித்து எடுப்பவர்கள் காலிப்பருக்குள் மரத்துண்டும் துணியும் வைத்து, விரலை எட்ட வைத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் தோட்டா வேகத்தில் வந்து விரலை நசுக்கும். பிஸ்டனின் மேற்பூச்சில் நகம் தட்டும் அளவு குழி இருந்தால் அதைத் தேய்த்துக் காப்பாற்ற முயல வேண்டாம், புதியது போடுங்கள்.

உங்கள் வண்டி முன் பின் பிரேக் இணைந்த வகையா என்று சொல்லவில்லை. அப்படியென்றால் கணக்கு கொஞ்சம் மாறும். ஹோண்டா எஸ்டி1300, 2018க்கு முந்தைய ஜிஎல்1800 கோல்டு விங் போன்றவற்றில் முன்பக்க இடது காலிப்பரோடு இன்னொரு சிறிய மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். முன் பிரேக் பிடிக்கும்போது அந்தக் காலிப்பர் சற்றே சுழன்று இந்தச் சிலிண்டரை அழுத்த, அது பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும். அதற்குள்ளும் அதே போன்ற திரும்பும் துளை உண்டு. அது அடைத்தால் பின் சக்கரம் பிடித்துக்கொள்ளும், ஆனால் பின்பக்கத்தில் எதைப் பிரித்தாலும் ஒன்றும் கிடைக்காது. 2011 டிசம்பரில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 1,26,000 கோல்டு விங்குகளைத் திரும்ப அழைத்தது இந்தச் சிலிண்டரால் பின் பிரேக் விடாமல் போகும் அபாயத்துக்காகத்தான். சோதிப்பது எளிது. பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஒருவர் அதைச் சுற்ற, இன்னொருவர் முன் இடது காலிப்பரைச் சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் கையால் அழுத்தட்டும். பின் சக்கரம் நிற்க வேண்டும். கையை எடுத்ததும் உடனே விட வேண்டும். தயங்கி விட்டால் குறை அங்கே.

தொந்தரவு டயர் மாற்றியதிலிருந்தோ செயின் இறுக்கியதிலிருந்தோ தொடங்கியதென்றால், மேலே சொன்ன எதையும் தொடும் முன் சக்கரத்தைப் பாருங்கள். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் ஸ்விங் ஆர்மின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஆக்ஸில் இறுக்கப்பட்டிருக்கலாம், இடது வலது ஸ்பேசர் இடம் மாறியிருக்கலாம், பேடின் ஸ்பிரிங் தகடு தலைகீழாகப் போயிருக்கலாம்.

வழியில் பிடித்துக்கொண்டால் செய்ய வேண்டியது: ஓட்டிக்கொண்டே ஊர் சேர்ந்துவிடலாம் என்று எண்ணாமல் நிறுத்துங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். உலர்ந்த புல்லின் மேலும் நிறுத்தாதீர்கள். ஆறும்வரை காத்திருந்து, நிப்பிளில் பொருந்தும் ஸ்பேனர் கையில் இருந்தால் குழாய் மாட்டி ஒரு கணம் திறந்து மூடுங்கள். வண்டியிலேயே ஒரு 8 மி.மீ. ஸ்பேனரும் அரை அடி ரப்பர் குழாயும் வைத்திருப்பது நல்லது. நிப்பிள் அளவு 8, 10, 11 என்று மாறும், முன்பே அளந்துகொள்ளுங்கள். பிறகு பின் பெடலைத் தொடாமல், முன் பிரேக்கில், மெதுவாக அருகிலுள்ள பட்டறைவரை போகலாம், சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று சூட்டைப் பார்த்தபடி. சுமையையும் பின்னால் உட்காருபவரையும் வேறு வண்டியில் அனுப்புங்கள். இணைந்த பிரேக் வண்டியில் இந்த வழி கிடையாது, முன் பிரேக்கே பின்னதையும் இறுக்கும். அதை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபின், இதுவரை பட்ட சூடு எதைக் கெடுத்தது என்றும் பாருங்கள். கண்ணாடிபோல் மினுக்கும் பேடைத் தூக்கிப் போடுங்கள். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தால் சுழலும்போது அது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது (ரன் அவுட்) என்பதை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பல மேனுவல்கள் 0.3 மி.மீ. வரை அனுமதிக்கின்றன, சில இன்னும் கடுமை. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். காலிப்பர் சீல் பலமுறை வெந்திருப்பதால், காலிப்பரில் குறை இல்லை என்று தெரிந்தாலும் சீலை மாற்றிவிடச் சொல்வேன். ஆயில் முழுவதும் புதியதாக வேண்டும். காற்று எடுக்கும்போது பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலை அடிவரை மிதிக்காமல் பாதி தூரம் மட்டும் மிதியுங்கள். இதுவரை கப் போகாத பகுதியில் இருக்கும் துரு கப்பைக் கிழித்துவிடும். பின் காலிப்பரில் நிப்பிள் உச்சியில் இல்லாத வண்டிகளில், காலிப்பரைக் கழற்றிப் பேடுகளுக்கு நடுவே மரத்துண்டு வைத்து, நிப்பிள் மேலே பார்க்கும்படி சாய்த்துக் காற்றை எடுங்கள்.

புதிய காலிப்பர் எப்போது வாங்கலாம்? சீல் பள்ளத்தின் விளிம்பே அரித்துப் போயிருந்தால், நிப்பிள் உள்ளே முறிந்து எடுக்க முடியாவிட்டால், ஸ்லைடு பின் போகும் துளை தேய்ந்து ஆடினால், அல்லது அந்த வண்டிக்குச் சீல் கிட் கிடைக்காவிட்டால். நீங்கள் எழுதியதில் இவற்றில் எதற்கும் அடையாளம் இல்லை. டப்பாவின் மட்டத்தையும் புஷ் ராடின் ஆட்டத்தையும் இன்றே பார்த்துவிடுங்கள். அடுத்த முறை பிடித்துக்கொள்ளும்போது எந்தப் படியில் விட்டது என்பதோடு, வண்டியின் மாடலையும் எழுதுங்கள்.